முதுகுளத்தூர் சாலைக் கரிக் கிட்டங்கி: ஐந்து மூட்டை, ஐம்பது நாள்

ஐப்பசியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் மூடி இடுக்கிலிருந்து ஒரு பொறி தெறித்தது. தட்டிவிடுவதற்குள் தோள்பட்டைக்கு நான்கு விரல் கீழே மிளகளவு ஓட்டை விழுந்துவிட்டது. மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேய்ப்புக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன் அப்பா முப்பது ஆண்டு இதே மேசையில் நின்றார். வாடிக்கையாளர் துணியில் எங்கள் கையால் ஓட்டை விழுந்தது அன்றுதான். இரவோடு இரவாகக் கடைவீதிக்கு ஓடி அதே நிறத்தில் ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாயிரத்து நூறு ரூபாய். பணம் போனதைவிட, அந்தப் பையனின் அம்மா ஒன்றும் சொல்லாமல் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்ததுதான் மனத்தில் நிற்கிறது.

மறுநாள் காலையில் கரி மூட்டையைக் கடை வாசலில் கொட்டினேன். நகரத்தில் பதினோரு ஆண்டுகளாக நான் வாங்கிவந்த கடையின் கரி. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அது அவர்கள் சுட்ட கரியும் அல்ல. 30 கிலோ மூட்டையில் உருப்படியான கரி 21 கிலோ. தூளும் குருணையும் 5 கிலோ. மீதி 4 கிலோ, வெளியே கறுத்து உள்ளே பழுப்பு நிறத்தில் மரமாகவே இருந்த அரைவேக்காட்டுத் துண்டுகள். என் சட்டையைச் சுட்டது அதில் ஒன்றுதான். முழுதாகக் கரியான கட்டை சத்தமில்லாமல் கனலும். பாதி வெந்தது உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தையும் பிசினையும் வெடித்துத் துப்பும், புகையும், துணியில் நாற்றம் ஏற்றும்.

அரைவேக்காட்டுக் கரி ஏன் இவ்வளவு வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "இப்போது எல்லாமே இப்படித்தான் வருகிறது அண்ணே, ராமநாதபுரத்திலிருந்து வருவதை நான் அப்படியே விற்கிறேன்" என்றார். அப்படியானால் ராமநாதபுரத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மழைக்காலம் கழிந்து தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரமக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் போகும் சாலையில் இருபுறமும் சீமைக் கருவேலம்தான். கண்மாய்க்கரை, தரிசு, வீட்டுக் கொல்லை எங்கும் அதே பச்சை. நடுநடுவே வயலும் மிளகாய்த் தோட்டமும் தெரிகின்றன, பிறகு மறுபடியும் கருவேலம். இந்தச் சாலையோரத்தில்தான் நான் எழுத வந்த கிட்டங்கி இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், முன்னால் எடை போடும் தராசு, சுவரோடு சாய்த்து அடுக்கிய சாக்குகள். ஒவ்வொரு சாக்கின் வாயிலும் தழை செருகிக் கயிற்றால் பின்னியிருக்கும். இதே சாலையில் இப்படி நான்கைந்து கிட்டங்கிகளில் ஏறி இறங்கினேன். மற்ற இடங்களில் மூட்டையைப் பிரிக்க விடவில்லை. இங்கே நடத்துகிற அக்கா, நான் கேட்பதற்கு முன்பே ஒரு மூட்டையின் கயிற்றை அறுத்து என் முன்னால் கவிழ்த்தார்.

"கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள் தம்பி. கேட்டுவிட்டு விலை பேசுவோம்" என்றார்.

கரியைக் காதால்தான் பார்க்க வேண்டும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கண்ணாடி மோதுவதுபோல் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொட்டென்று ஒலித்தால் ஈரமாக இருக்கலாம், அல்லது வேகாததாக இருக்கலாம். உடைத்தால் உடைந்த முகம் பளபளக்க வேண்டும். மரத்தின் வளையங்கள் அப்படியே கறுப்பில் தெரிய வேண்டும். விரலில் மை அதிகம் ஒட்டக் கூடாது. அந்தக் குவியலில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை உடைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை.

இங்கே நான்கு தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். வேர்முண்டைத் தோண்டி எடுத்துச் சுட்டது தூர்க்கரி. அடிமரத்திலிருந்து வருவது உருட்டுக் கரி. கிளைகளிலிருந்து குச்சிக் கரி. விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடுகிற மூட்டத்தைப் பிரித்தபின் தரையில் மிஞ்சுவது தூள். நான் போன அன்று தூர்க்கரி கிலோ 38 ரூபாய், உருட்டு 32, குச்சி 25. தூளை விலை சொல்லி விற்பதில்லை, மொத்தமாக லாரியில் போய்விடுகிறது. இரண்டு மூட்டை தூர், மூன்று மூட்டை உருட்டு வாங்கினேன். 5,160 ரூபாய். மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காய்கறி வண்டியில் ஏற்றிவிட 600. ஆக வீடு வந்து சேர்ந்தபோது கிலோ 38 ரூபாய் 40 காசு. நகரத்தில் நான் கொடுத்துவந்தது 42, அதிலும் முப்பதில் ஒன்பது கிலோ வீண்.

கடையில் பிரித்து, சலித்து, எடை போட்ட கணக்கையும் எழுதிவிடுகிறேன். தூர்க்கரி மூட்டை ஒன்றில் கட்டிக் கரி 27 கிலோ 300 கிராம், குருணை 1 கிலோ 900, தூள் 600, மண்ணாங்கட்டி 200. உருட்டுக் கரியிலும் ஏறக்குறைய இதே அளவுதான், தூள் மட்டும் கொஞ்சம் கூட. அரைவேக்காடு ஐந்து மூட்டையிலும் சேர்த்து இரண்டே துண்டு.

என் பெட்டி அப்பா காலத்துப் பித்தளைப் பெட்டி, வெறும் பெட்டியே ஏழு கிலோ. காலையில் அடியில் உருட்டுக் கரியைப் போட்டு, அது கனிந்ததும் மேலே தூர்க்கரி இரண்டு துண்டு வைத்துவிடுகிறேன். உருட்டு சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் நீறும். தூர் பிடிப்பதற்கு நேரம் எடுக்கும், ஆனால் பிடித்துவிட்டால் ஒன்றேகால் மணி நேரம் பெட்டியின் சூடு இறங்குவதில்லை. பருத்தி வேட்டிக்கும் காக்கிச் சீருடைக்கும் அந்தச் சீரான சூடு கிடைத்தால் ஒரே இழுப்பில் மடிப்பு நிற்கும். முன்பு நாள் ஒன்றுக்கு நான்கு கிலோவுக்கு மேல் போட்டேன். இப்போது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மூட்டையும் ஐம்பது வேலை நாள் வந்தன. அந்த ஐம்பது நாளில் ஒரு பொறிகூடத் தெறிக்கவில்லை. சாம்பலும் வெள்ளையாக, சன்னமாக, நாளுக்கு ஒரு தேநீர்க் குவளை அளவுதான் இருந்தது.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் இது ஒரு நல்ல கரிக்கடையைப் பற்றிய குறிப்பாகப் போய்விடும். இந்தக் கரி ஏன் நன்றாக இருக்கிறது என்பதை அன்று மாலை நேரில் பார்த்தேன். சொல்ல வேண்டியது அதுதான்.

அக்காவின் மகன் என்னை இருசக்கர வண்டியில் மூட்டம் போட்டிருந்த இடத்துக்கு அழைத்துப் போனான். கண்மாய்க்கு அப்பால் ஒரு தரிசு. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் குன்று, அதன் உடம்பெங்கும் புகை கசிந்துகொண்டிருந்தது. பத்து டன் விறகு உள்ளே அடுக்கியிருப்பதாகச் சொன்னான். பருத்த கட்டைகள் நடுவில், மெல்லியவை வெளிவட்டத்தில், இடுக்குகளில் குச்சி. அதன்மேல் தழை, வைக்கோல். அதற்கு மேல் ஈரமண் பூச்சு. ஒரு வாய் வழியாகத் தீ வைத்து, பிடித்ததும் அதை மூடிவிடுகிறார்கள். அடியில் சுற்றிலும் கையளவு துளைகள் மட்டும் விடுகிறார்கள். விறகு எரிந்துவிடக் கூடாது; போதிய காற்றில்லாமல் வெந்து கரியாக வேண்டும். காற்று கூடினால் பத்து டன்னும் சாம்பல். குறைந்தால் தீ அணைந்து உள்ளே பச்சைக் கட்டை.

அங்கே காவலிருந்த பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓலைப் பந்தலுக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு குடம், ஒரு மண்வெட்டி, குழைத்து வைத்த மண். புகையைக் காட்டிச் சொல்லித் தந்தார். முதல் இரண்டு நாள் வெள்ளையாக, கனமாக, ஈரமாக வரும். அது மரத்தின் தண்ணீர். பிறகு மஞ்சள் கலந்து, மூக்கை அறுக்கிற நெடியோடு வரும். கடைசியில் மெல்லிய நீலம். நீலமும் மெலிந்து, குன்றுக்கு மேலே காற்று மட்டும் நடுங்குவதுபோல் தெரிந்தால் வெந்துவிட்டது. அப்போது எல்லாத் துளைகளையும் அடைத்து, ஆற விட வேண்டும். இந்த அளவு மூட்டத்துக்கு வேக ஏழு, எட்டு நாள், ஆற மூன்று நாள்.

"ராத்திரியில்தான் ஐயா வேலை" என்றார். "உள்ளே கட்டை வேக வேகக் குன்று அமுங்கும். அமுங்கினால் மண் வெடிக்கும். வெடிப்பைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் போதும், விடியும்போது ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல்."

பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் மேற்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை வெடிப்பை மண்ணால் அப்பிவிட்டு வந்தார். நான் அந்த வெடிப்பைக் கவனிக்கவே இல்லை.

அரைவேக்காட்டுக் கரி எப்படி வருகிறது என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். பல இடங்களில் மூட்டைக் கணக்கில் மட்டும்தான் கூலி. மாதத்துக்கு எத்தனை மூட்டம் பிரிக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது கழிய வேண்டும். ஆகவே மஞ்சள் புகை நிற்பதற்குள்ளேயே துளையை அடைத்து, ஆறாம் நாளே பிரித்துவிடுவார்கள். நடுவில் இருக்கிற பருத்த கட்டை வேகாமல் அப்படியே கிடக்கும். தண்ணீர் தெளித்து அணைத்துச் சாக்கில் கட்டினால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் குடித்த கரி எடையும் கூடத் தரும்.

இந்தக் கிட்டங்கியில் மூட்டைக் கூலி தவிர ராக்காவலுக்குத் தனியாக ஒரு இரவுக்கு 400 ரூபாய் கொடுக்கிறார்கள். எட்டு இரவானாலும் பத்து இரவானாலும் கணக்கு உண்டு. ஆகவே அவருக்கு அவசரம் இல்லை. நீலப் புகை மெலியும்வரை காத்திருக்கிறார். முன்பணக் கடன் இல்லாமல்தான் வேலை செய்வதாகச் சொன்னார். அக்காவிடம் திரும்பி வந்து கேட்டபோது, "என் வீட்டுக்காரர் மூட்டத்தில் கிடந்து கருகியவர் தம்பி. அந்தத் தூக்கத்துக்குக் கூலி கொடுக்காமல் நான் எப்படிக் கரி விற்பது?" என்றார்.

என் மேசையில் ஓட்டை விழுந்த பட்டுச் சட்டையின் காரணம் அங்கே எனக்கு விளங்கியது. எங்கோ ஒரு மூட்டத்தில் ஒருவருக்குத் தூங்காத இரவுகளுக்கான கூலி கிடைக்கவில்லை. அவர் சில நாள் முன்னதாகப் பிரித்துவிட்டார். கரியின் தரம் மரத்தில் பாதி, அந்த இரவுகளில் பாதி.

முன்பணம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. துணி சுற்றுவதற்காகவே கடையில் எல்லா நாளிதழும் வாங்குகிறேன், சுற்றுவதற்கு முன் படித்தும்விடுகிறேன். விறகு வெட்டும் இடங்களிலிருந்தும் கரிமூட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டவர்களின் செய்திகள் நம் மாநிலத்தில் எத்தனையோ முறை வந்திருக்கின்றன. அவர்களில் இருளர் குடும்பங்கள் பல. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குழந்தைகளோடு காட்டில் கிடந்தவர்களை நம் காலத்தில்தான் வட்டாட்சியர்களும் கோட்டாட்சியர்களும் போய் அழைத்து வந்திருக்கிறார்கள். கரி வாங்குகிற ஒவ்வொருவரும், உணவகம் நடத்துகிறவர்கள் முக்கியமாக, மூட்டத்தில் யார் வேலை செய்கிறார்கள், எப்படிக் கூலி என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் இருபத்திரண்டு ஆண்டு கேட்டதில்லை. இனி கேட்பேன்.

கரி ஒழிந்துபோகிற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். தேய்ப்புக்காரனாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தாத்தா இளைஞனாக இருந்தபோது பஸ்ஸே கரியில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்ததும், பஸ்ஸின் பின்னால் ஓர் உருளை அடுப்பைப் பொருத்தி, அதில் கரியை எரித்து வருகிற வாயுவால் ஓட்டினார்கள். புறப்படுவதற்கு முன் ஓர் ஆள் பின்னால் நின்று சக்கரத்தைச் சுற்றி அடுப்புக்குக் காற்றடிக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். திருமங்கலத்துக்குப் போன கதையைத் தாத்தா ஒரு நாள் முழுக்கச் சொல்வார். அப்பா காலத்தில் பஸ்ஸிலிருந்து கரி போய்விட்டது. ஆனால் தெருவுக்குத் தெரு கும்முட்டி அடுப்பு இருந்தது, டீக்கடை பாய்லரின் வயிற்றில் கரி இருந்தது, கொல்லுப்பட்டறையிலும் நகைப்பட்டறையிலும் இருந்தது. என் காலத்தில் கும்முட்டி பழைய பாத்திரக் கடைக்குப் போனது. 2016இல் உஜ்வலா திட்டம் வந்து கிராமத்து அடுப்படிகளிலும் எரிவாயு உருளை ஏறியது. எங்கள் தொழிலிலும் மின்பெட்டியும் எரிவாயுப் பெட்டியும் பெருகிவிட்டன. எங்கள் தெருவில் கரிப்பெட்டி வைத்திருப்பது இப்போது நான் ஒருவன்தான்.

இதையெல்லாம் வைத்துக் கரி சுடுவது குறைந்திருக்கும் என்று முடிவு செய்தால் தவறு. பட்டப் படிப்பில் பொருளியல் படித்தவன் நான். எண்களைத் தேடிப் பார்த்தேன். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 1964இல் சுட்ட மரக்கரி ஏறத்தாழ 1.7 கோடி டன். ஐம்பது ஆண்டு கழித்து 2014இல் அது 5.3 கோடி டன். மும்மடங்கு. அதில் ஐந்தில் மூன்று பங்கு ஆப்பிரிக்கா. அங்கே நகரங்கள் பெருகப் பெருக, நகரத்து அடுப்புகள் கரியை நம்பியிருக்கின்றன. தனி நாடாகப் பார்த்தால் முதலிடம் பிரேசிலுக்கு. அங்கே கரி சமையலுக்கு அல்ல, மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து உலைகளில் இரும்பு உருக்குவதற்கு. அதற்கென்றே யூகலிப்டஸ் தோட்டங்கள் போடுகிறார்கள். இந்தியாவின் பங்கு ஆண்டுக்கு 30 லட்சம் டன் அளவில் காட்டப்படுகிறது. முதல் சில நாடுகளில் நாமும் ஒன்று.

இந்த எண்களைப் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசுகள் கணக்குக் கொடுக்காத இடங்களில் அந்த நிறுவனம் மக்கள்தொகை, வருமானம் போன்றவற்றை வைத்து மதிப்பிட்டுத்தான் எழுதுகிறது. உங்கள் மூட்டங்களை யாராவது வந்து எண்ணியிருக்கிறார்களா என்று அக்காவைக் கேட்டேன். "வருகிறவர்கள் எல்லாம் விலையைத்தான் கேட்கிறார்கள்" என்றார். சர்க்கரை ஆலையிலும் பஞ்சாலையிலும் மூட்டைக்கு மூட்டை பதிவேடு உண்டு. பத்து டன் விறகு இரண்டு டன் கரியாகிற அந்தத் தரிசில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. அந்தப் பெரியவரின் எட்டு இரவுகள் எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. எண்ணாத பொருளுக்குத் தரமும் யாரும் கேட்க மாட்டார்கள், எண்ணாத ஆளுக்குக் கூலியும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வாங்குகிறவர்கள் எப்படி மாறியிருக்கிறார்கள் என்று பார்க்க அக்கா தன் விற்பனை நோட்டைக் கொடுத்தார். அவர் மாமனார் காலத்தில் வாங்கியவர்கள் தேய்ப்புக்காரர்கள், டீக்கடைக்காரர்கள், கொல்லர்கள். இப்போது பாதிக்கு மேல் சென்னை, பெங்களூர், கொச்சி உணவகங்கள். தந்தூரிக்கும் கம்பியில் சுட்ட கோழிக்கும் கரிதான் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். மீதி ஆலைகளுக்கும், இரண்டு கிலோ அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கிறவர்களுக்கும். எங்களைப் போன்றவர்கள் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பெயர்தான்.

மரத்தின் கதை தனி. சீமைக் கருவேலம் இந்த மண்ணின் மரம் அல்ல. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அப்போதைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்பதே நோக்கம். விறகு கிடைத்தது, கூடவே கண்மாயும் வரத்துக்காலும் மேய்ச்சலும் போயின. வெட்டினால் தூரிலிருந்து நான்கு கிளையாகத் துளிர்க்கும். 2017 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இதை அகற்ற உத்தரவிட்டது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம், பள்ளிப் பிள்ளைகள்கூட அரிவாளோடு இறங்கினார்கள். பிறகு வழக்கு பல திருப்பங்கள் கண்டது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றி மண்ணை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது.

மரம் போக வேண்டும் என்பதே என் விருப்பமும். அதை மறைக்காமல் அக்காவிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தூரோடு தோண்டி எடுக்கிறவர்கள் நாங்கள்தான் தம்பி. மேலே மட்டும் வெட்டிக்கொண்டு போனால் மறு ஆடிக்குள் தலைக்கு மேலே நிற்கும்" என்றார். அது உண்மை. தூர்க்கரிக்கு விலை கூட இருப்பதால்தான் அந்தத் தூர் மண்ணிலிருந்து வெளியே வருகிறது. விறகை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலைகளுக்கு மெல்லிய கட்டையே போதும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேலோடு வெட்டுகிறார்கள், மரம் சாவதில்லை, பருப்பதும் இல்லை. உருட்டுக் கரியின் பருமன் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துவருவதை என் பெட்டிக்குள்ளேயே பார்க்கிறேன். அப்பா காலத்துத் துண்டு ஒன்று பெட்டியில் மூன்றில் ஒரு பங்கை அடைக்கும். இப்போது அதே இடத்துக்கு நான்கு துண்டு வேண்டும்.

கிட்டங்கியின் குறைகளையும் எழுதிவிடுகிறேன். பத்து மூட்டைக்குக் கீழே வாங்கினால் அவர்கள் வண்டி அனுப்புவதில்லை; சின்னக் கடைக்காரர்கள் தாமாகவே வண்டி தேட வேண்டும். ரசீது கேட்டால்தான் எழுதுகிறார்கள். மண்ணாங்கட்டி 200 கிராம் சின்ன விஷயம்தான், ஆனால் பெட்டிக்குள் போனால் சூடேறி வெடிக்கும். சலித்துக் கட்டினால் நன்றாக இருக்கும். கூரைக்கு முன்பக்கம் மறைப்பு இல்லை, ஐப்பசி, கார்த்திகையில் சாரல் உள்ளே அடிக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். கரி காற்றின் ஈரத்தையே குடிக்கும், சாரல் பட்டால் கேட்க வேண்டாம். குச்சிக் கரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை குறைவு என்று ஐந்து கிலோ கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிடித்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. அடுப்பு மூட்டுவதற்கு வேண்டுமானால் வாங்கலாம்.

சிரட்டைக் கரியோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: சிரட்டை இன்னும் சுத்தமானது, சூடும் கூர்மையானது, ஆனால் மெல்லிய சில்லாக இருப்பதால் அடிக்கடி போட வேண்டும், என் பெரிய பெட்டிக்கு ஒத்துவரவில்லை.

நகைப்பட்டறை நண்பர் ஒருவர் என் உருட்டுக் கரியில் இரண்டு கிலோ வாங்கிப் போய் ஊதிப் பார்த்தார். அவருக்கும் பிடித்திருந்தது.

கரியை விட்டு வேறு பக்கம் போகலாமே என்று என் மகள் கேட்கிறாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், பள்ளியில் படிக்கும்போதே சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். தெருவோரத்தில் தேய்க்கிறவரின் கரியைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று அவர் சொன்னதைப் படித்தபோது, எங்களை ஒரு குழந்தை இவ்வளவு கவனித்திருக்கிறதே என்று கண் நிறைந்துவிட்டது. அந்த வண்டி என் கைக்கு எட்டுகிற விலையில் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். அதுவரை என் பெட்டிக்குக் கரி வேண்டும், அது முழுதாக வெந்த கரியாக இருக்க வேண்டும்.

வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கனலும் கரியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். புகை இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானல் குளிருக்குக் கோழி சுட்ட அடுப்பை அறைக்குள் எடுத்துப் போய்த் தூங்கி, காலையில் எழுந்திருக்காத இளைஞர்களின் செய்தியை நான் கிழித்துச் சுற்றாமல் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் கடைக்குள் மூட்டுவதில்லை. வாசலில் மூட்டி, கனிந்தபின்தான் பெட்டிக்குள் அள்ளுகிறேன், மேசையும் வாசலோரத்தில்தான்.

பங்குனிக் கடைசியில் ஐந்தாவது மூட்டை தீர்ந்தது. மறுபடி போய் இந்த முறை எட்டு மூட்டை சொல்லி வைத்திருக்கிறேன், ஐந்து தூர், மூன்று உருட்டு. பக்கத்துத் தெருப் புரோட்டாக் கடை அண்ணன் இரண்டு மூட்டை சேர்த்துக்கொண்டதால் பத்து ஆயிற்று, வண்டியும் அவர்களே அனுப்புகிறார்கள். நீங்களும் போவதாக இருந்தால் புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு மூட்டம் போடுவதில்லை, தைப் பிறந்துதான் மறுபடி தீ வைப்பார்கள். முடிந்தால் மாலையில் போய், அக்காவிடம் சொல்லி மூட்டத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பெரியவர் அந்த நேரத்தில்தான் மண் குழைத்துக்கொண்டிருப்பார்.